அடிமனை: ஒரு குத்தகைச் சொல்லின் வரலாறு

தமிழில் மனை என்னும் ஒரு சொல்லே வீட்டையும் குறிக்கும். வீடு நிற்கும் நிலத்தையும் குறிக்கும். மனைவி, மனையறம் என்னும் சொற்கள் அதனை ஒட்டிப் பிறந்தவை. நிலைபெறுதல் எனப் பொருள்படும் மன்னுதலோடு மனையைச் சேர்த்துக் காண்பாரும் உளர். வீடு என்பதோ விடுதல் என்னும் வினையின் வழி வந்தது. நிலைத்திருப்பது மனை, விட்டுப் போவது வீடு என்று விளையாட்டாகச் சொல்லத் தோன்றும். ஆனால் நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது விளையாட்டன்று. அவர்கள் குடியிருக்கும் வீடு அவர்களுடையது. வீட்டின் கீழுள்ள தரை வேறொருவருடையது. இந்நிலைக்கென்றே வழக்கில் ஒரு சொல் உண்டு. கோயில் அலுவலகங்களிலும் பத்திர எழுத்தர்களின் திண்ணைகளிலும் அன்றாடம் புழங்கும் அச்சொல் ‘அடிமனை’ என்பதாம்.

அடிமனைக்கு வாடகை கொடுத்து அதன்மேல் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்தவன், தவணை முடிந்ததும் என்ன செய்வான்? தவணையை நீட்டிக்கக் கேட்பானா, கல்லையும் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போவானா, தரையையே விலைக்குக் கேட்பானா? இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் குடியிருப்புச் சட்டங்கள் சுழன்று வந்துள்ளன.

நிலத்தின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக உரிமைகள் அடுக்கப்படுவது தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியர் செப்பேடுகளில் காராண்மை, மீயாட்சி என இரு சொற்கள் இணைந்து வருகின்றன. உழுபவனின் உரிமை காராண்மை. அதற்கு மேலான ஆளுகை உரிமை மீயாட்சி. கொங்கு நாட்டில் காணி, காணியாட்சி என்னும் சொற்கள் இன்றளவும் குலக்கோயில்களோடு சேர்ந்து வாழ்கின்றன. எனினும் இவையெல்லாம் விளைநிலம் சார்ந்தவை. குடியிருக்கும் இடத்திற்குப் பழந்தமிழகம் வேறொரு சொல் வைத்திருந்தது. அது நத்தம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிலத்தை அளந்து கூறுமிடத்து, வரி கொள்ளாது கழிக்கப்படும் நிலங்களாகக் குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றோடு ஊர்நத்தத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. பின்னாளில் ஆங்கிலேய நிலவரித் திட்டத்திலும் கிராம நத்தம் தனி இனமாகவே நின்றது. நத்தத்தில் வீடு கட்டி வாழ்ந்தவனிடம் தரைவாடகை கேட்க ஆளில்லை. ஆகவே அடிமனைச் சிக்கல் பெரும்பாலும் நகரம் வளர்ந்ததால் வந்தது என்று துணிந்து கூறலாம். ஒரு விலக்கு உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த சட்டக் கொள்கை, தரையோடு பொருந்தியது எதுவாயினும் தரைக்காரனையே சேரும் என்பது. இந்திய வழக்கம் அவ்வாறில்லை. 1866இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக் தலைமையிலான முழு அமர்வு, பிறன் நிலத்தில் உரிமையின் பேரில் நம்பிக் கட்டிய கட்டடம், நிலத்தோடு ஒட்டியது என்ற ஒரே காரணத்தால் நிலக்காரனுக்கு உடைமையாகிவிடாது என்று இந்நாட்டு வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் அவ்வழியே சென்றது. குத்தகைதாரன் தான் நிலத்தில் பொருத்தியவற்றைப் பெயர்த்தெடுத்துச் செல்லலாம். ஆனால் நிலத்தைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். ஓலைக் குடிசைக்கும் மரச் சட்டத்துக்கும் இது பொருந்தும். சுண்ணாம்புச் சுவரைப் பெயர்த்தால் மிஞ்சுவது இடிபாடு மட்டுமே. உரிமை இருந்தது, பயன் இல்லை.

அதே 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, தமிழ்நாட்டில் குத்தகை நீட்டிப்பு எவ்வாறு நடந்தது என்பதை அறிய உதவும் திறவுகோல். தவணை முடிந்த பின்னும் குத்தகைதாரன் இருந்துவர, உரிமையாளர் வாடகையைப் பெற்றுக்கொண்டால், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து அக்குத்தகை புதுப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். குடியிருப்பாயின் மாதத்துக்கு மாதம் நீளும். பத்திரம் வேண்டா, கையொப்பம் வேண்டா. ஒரு ரசீது போதும். இதனால்தான் தலைமுறை தலைமுறையாகக் கந்தலான ரசீதுக் கட்டுகள் தகரப் பெட்டிகளில் பாதுகாக்கப்பட்டன. இதனால்தான், வெளியேற்ற எண்ணிய உரிமையாளர் முதலில் செய்த வேலை வாடகையை வாங்க மறுப்பது. குடியிருப்பவர் மணியார்டர் அனுப்புவார். அது திரும்பி வரும். திரும்பி வந்த சீட்டையும் அவர் பெட்டியில் வைப்பார். பணத்தை வாங்கிக்கொண்டு, ‘வாடகை’ என்று எழுதாமல் ‘இடத்தைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு’ என்று ரசீதில் எழுதும் உத்தியும் உண்டு. ஒரு சொல்லில் ஒரு வீடு தொங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் நிலமதிப்பு உயர்ந்தது. மாதக் குத்தகையில் தரை பெற்று வீடு கட்டியிருந்தோர் மீது வெளியேற்ற வழக்குகள் வந்தன. நீதிக்கட்சி அமைச்சரவை நடந்த அக்காலத்தில் பிறந்ததே 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அது 1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாகும். நியாயமான தரைவாடகை செலுத்தும்வரை தம்மை யாரும் வெளியேற்ற மாட்டார் என்னும் நம்பிக்கையில் பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பியோரைக் காப்பதே நோக்கம் என்று அதன் முகவுரை கூறுகிறது. ஒப்பந்தம் என்று சொல்லவில்லை, உரிமை என்று சொல்லவில்லை. நம்பிக்கை என்று சொல்கிறது. சட்டப் புத்தகங்களில் இச்சொல் இவ்வளவு பாரம் சுமப்பது அரிது.

அச்சட்டத்தின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. வெளியேற்றப்படும் குத்தகைதாரருக்குக் கட்டடத்தின் மதிப்பை இழப்பீடாகத் தர வேண்டும் என்பது ஒரு வழி. மற்றொரு வழி 9ஆம் பிரிவு. வெளியேற்ற வழக்கின் அழைப்பாணை கிடைத்ததும் குறித்த நாளுக்குள் குத்தகைதாரர் நீதிமன்றத்திடம் மனுச் செய்து, தரையைத் தமக்கே விற்குமாறு உரிமையாளருக்கு ஆணையிடக் கேட்கலாம். பிற்காலத்தில் திருத்தப்பட்டு நிலைத்த வடிவில், வசதியாக வாழ எவ்வளவு தரை வேண்டும் என்பதை நீதிமன்றம் முதலில் அளந்து முடிவு செய்யும். ஆணைக்கு முந்திய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரியே விலை. அதனைச் செலுத்த மூன்று மாதத்துக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மேற்படாமலும் தவணை தரப்படும். வழக்குத் தொடுத்தவன் நிலத்தை இழக்கவும், வழக்குக்கு ஆளானவன் நிலத்தைப் பெறவும் கூடிய விந்தையான சட்டம் இது. உரிமையாளர் வழக்கே தொடுக்காமல் இருந்துவிட்டால், இந்த உரிமை உறங்கியே கிடக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்சட்டம் இரண்டு முடிவுகளையே அறியும்: பணம் பெற்று வெளியேறுதல், அல்லது விலை தந்து வாங்குதல். இத்தனை தொகை கொடுத்தால் இத்தனை ஆண்டு நீட்டிப்பு என்னும் நடுவழியை அது வகுக்கவில்லை. நீட்டிப்பு ரசீதின் பொறுப்பில் விடப்பட்டது. பிற்காலத் துன்பங்களில் பெரும்பகுதிக்கு இந்த இடைவெளியே காரணம் எனலாம்.

1922இல் சட்டம் சென்னை நகருக்கு மட்டுமே, அதுவும் அதற்கு முன் ஏற்பட்ட குத்தகைகளுக்கு மட்டுமே பொருந்தியது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சென்னைக்கு வெளியே கொண்டுசென்றது. 1960ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி ஆகிய நகரங்களில் வீட்டுக்கும் தொழிற்கட்டடத்துக்கும் பாதுகாப்பு. அரசு சட்டத்தை விரிக்கும் ஏனைய ஊர்களில் குடியிருப்புக்கு மட்டுமே பாதுகாப்பு. கொங்கு நாட்டிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1964இல் முடிந்தது. கோவையில் திரையரங்கம் கட்டுவதற்கெனக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம் பற்றியது அது. நியூ தியேட்டர் கர்னாடிக் டாக்கீஸ் வழக்கு என்று அறியப்படுவது. தவணை முடிந்ததும் தரையைக் காலியாக ஒப்படைப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தும், குத்தகைதாரர் 9ஆம் பிரிவின் உரிமையை இழக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சட்டம் செல்லும் என்றும் நீதிமன்றம் கூறியது. எழுதிக் கொடுத்த கையொப்பத்தைவிடக் கட்டிய சுவர் வலிது என்று அன்று தெரிந்தது.

முன்னர்க் குறித்த விலக்கு இனி. காவிரிக் கழனிகளில் பண்ணையாள் குடிசை போட்ட தரை மிராசுதாரருக்கு உரியதாக இருந்தது. கூலி உயர்வு கேட்டால் முதலில் பறிபோவது குடிசை. இங்கே வாடகை பணமாக இல்லை, பணிவே வாடகை. 1961இல் வெளியேற்றத்தைத் தடுக்கும் குடியிருப்புச் சட்டமும், 1971இல் அத்தரையை உழவுத் தொழிலாளருக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம், தவணை, நீட்டிப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லாமல் செய்தது. அடிமனை வரலாற்றில் ஐயத்துக்கு இடமின்றிப் பாராட்டத்தக்க பக்கம் அதுவே.

கோயில் அடிமனை இவை எல்லாவற்றினும் சிக்கலானது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 34ஆம் பிரிவில், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் இன்றிச் செய்தால் செல்லாது. ஆகவே கோயில் தரையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பமும் சட்டத்தின் கண்ணில் மாதக் குத்தகைக் குடும்பமாகவே இருக்கும். வீட்டுவரி அவர்கள் பெயரில், மின் இணைப்பு அவர்கள் பெயரில், பட்டா சுவாமி பெயரில். வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் வேண்டி நிற்கும்போதுதான் தம் வீடு வானத்தில் தொங்குவது அவர்களுக்குத் தெரிய வரும். மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பல கோயில்களில் அடிமனை வாடகை காலத்துக்கு ஒவ்வாத சிறு தொகையாகவே நின்றது. அதுவும் நிலுவையில் கிடந்தது. விளக்கெண்ணெய்க்கு வழியில்லாத கோயிலின் தரைமேல் மாடிவீடுகள் எழுந்ததும் உண்டு. உள்வாடகைக்கு விட்டு வருவாய் கண்டவர்களும் உண்டு.

1996இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமய நிறுவனங்களுக்கும் சமய அறக்கொடைகளுக்கும் உரிய நிலங்களை 1922ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கியது. எம்மதத்து நிறுவனமாயினும் இது பொருந்தும். நிலுவையிலிருந்த வழக்குகளும் அற்றுப்போயின. அத்திருத்தத்தை எதிர்த்த மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. இதற்கிடையில் 2003இல் அறநிலையச் சட்டத்தில் 34-அ பிரிவு சேர்க்கப்பட்டு, சந்தை மதிப்பை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்க வழி வகுக்கப்பட்டது. ஒருபுறம் தரையை வாங்கும் உரிமை போயிற்று. மறுபுறம் வாடகை ஏறியது. திருவரங்கத்தில் அடிமனை என்னும் சொல் தெருப் போராட்டத்தின் முழக்கமானது இப்பின்னணியில்தான். இறைவன் நிலத்தை விற்கலாகாது என்பது ஏற்கத்தக்க கொள்கையே. ஆனால் விற்கலாகாத நிலத்தில் நீண்ட தவணைக்கு எழுத்து வடிவில் உறுதி தருவதற்கு என்ன தடை என்பதற்கு நிறைவான விடை இதுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை. ஐந்தாண்டு என்பது வயலுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது.

அந்த நடுவழியை உலகில் வகுத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்ட தவணைக் குத்தகையாகவே விற்கப்பட்டு வந்தன. 1967ஆம் ஆண்டுச் சட்டம் தனிவீட்டுக்காரர்களுக்கும், 1993ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் நீட்டிப்பை உரிமையாக்கின. பின்னதன்படி, கணக்கிட்ட விலை கொடுத்தால் எஞ்சிய தவணையோடு 90 ஆண்டு சேரும். தரைவாடகை ஒரு மிளகு. பெயரளவு வாடகைக்கு ஆங்கிலச் சட்டம் மிளகை உவமையாக்கியிருப்பது தமிழர்க்குப் புன்னகை தரும். முசிறியிலிருந்து மரக்கலம் ஏறி, பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்ட பண்டமல்லவா அது? அவ்வாணிகத்தின் பொன்னும் வெள்ளியும் கொங்கு மண்ணில் உரோமானியக் காசுகளாகக் கிடைத்துள்ளன. அங்கும் துன்பம் இல்லாமல் இல்லை. எஞ்சிய தவணை 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிப்பின் விலை ஏறும்படி வகுத்திருந்ததால் வயது முதிர்ந்தோர் பலர் திகைத்தனர். 2024ஆம் ஆண்டுச் சட்டம் 90 என்பதை 990 ஆக்கியது. ஆயினும் அதன் பிரிவுகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை.

தமிழர்க்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூர். அங்கே வீட்டுவசதி வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன. தேக்கா பகுதியின் அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பமும் தன் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றே பேசும், தரை அரசுடையது. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் தொடங்கியதால், முதல் வீடுகளின் தவணை 2060களில் முடியும். பழைய வீடுகள் எல்லாவற்றையும் அரசு இழப்பீடு தந்து எடுத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம் என 2017இல் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் எச்சரித்தபோது பலர் விழித்துக்கொண்டனர். கேலாங் மூன்றாம் லோரோங்கில் 60 ஆண்டுக் குத்தகையில் நின்ற 191 தனியார் வீடுகளின் தவணை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நீட்டிப்பு இல்லை, இழப்பீடும் இல்லை, தரை அரசிடம் திரும்பியது.

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீட்டுக்கு இந்த அச்சம் பெரும்பாலும் இல்லாமைக்குக் காரணம், இங்கே வீட்டோடு பிரிபடாத மனைப்பங்கும் சேர்த்து விற்கப்படுவதுதான். மூன்றாம் மாடியில் வாழ்பவருக்கும் கீழே சில சதுர அடி மண் பத்திரத்தில் இருக்கும். எந்த மூலை என்று காட்ட இயலாது, ஆனால் இருக்கும். வீட்டுவசதி வாரியமோ ‘குத்தகையுடன் கூடிய விற்பனை’ என்று ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. கடைசித் தவணை கட்டி விற்பனைப் பத்திரம் பெறும்வரை ஒதுக்கீடு பெற்றவர் குத்தகைதாரரே. மனையும் வீடும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் பழைய சொல்லின் ஆசை இவ்விரு ஏற்பாடுகளிலும் ஒருவாறு நிறைவேறுகிறது.

அந்த ஆசைக்கு வெளியே நிற்போர் தொழிலாளர். சிங்கம்பட்டி ஜமீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எழுந்த தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடுகளில் பிறந்து, அங்கேயே வேலை செய்து முதிர்ந்த குடும்பங்களுக்குக் குத்தகைப் பத்திரத்தில் பெயரில்லை. அக்குத்தகை 2028இல் முடியும். நிறுவனம் 2024இலேயே பணியை நிறுத்தியது; விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலையோடு வீடும் போயிற்று. தொழிலாளர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வுத் திட்டங்களின் பலனே அவர்களுக்கு மிஞ்சியது. குத்தகைக்குள் வாழ்ந்தவனுக்கு நீட்டிப்புக் கேட்கும் தகுதிகூட இல்லை.

லைன் வீடு என்னும் சொல் மலையிலிருந்து இறங்கித் திருப்பூரிலும் நிலைத்திருக்கிறது. 1917இல் நகராட்சியான ஊர். முதல் பனியன் தொழிற்கூடம் 1925இல் தோன்றியதாகக் கூறுவர். 1991ஆம் ஆண்டுக் கணக்கில் 2,35,661 மக்கள். எல்லை விரிந்த மாநகராட்சியில் 2011இல் சுமார் 8.78 லட்சம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு நத்தமும் இல்லை, அடிமனையும் இல்லை. ஒரே சுவரைப் பகிரும் பத்துப் பன்னிரண்டு அறைகள், முற்றத்தில் ஒரு குழாய், ஒரு காம்பவுண்டு. கட்டுகிறவரும் தரைக்காரரும் இங்கே ஒருவரே. ஆகவே 1922ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை எட்டவே எட்டாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ‘பதினொரு மாதம்’ என்னும் விசித்திரமான கால அளவைப் பெற்றெடுத்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் வேண்டும், பதிவாக வேண்டும் என்று சொல்லியும் பதினொரு மாதம் பேச்சில் மறையவில்லை.

திருப்பூரில் சற்றுச் சேமித்தவர் நாடுவது போக்கியம். கல்வெட்டுகள் ஒற்றி என்று குறித்ததன் நகரத்து வழித்தோன்றல் இது. லீசு என்றும் சொல்வர். ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் தந்துவிட்டால் குறித்த காலம்வரை வாடகை இல்லை. காலம் முடிந்ததும் தொகை முழுதும் திரும்ப வரும். இங்கே நீட்டிப்பின் முகமே திரும்பிவிடுகிறது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் நீட்டிப்பைக் கேட்பவர் குடியிருப்பவர். போக்கியத்திலோ, வாங்கிய பணத்தைத் தறியிலோ நூலிலோ முடக்கிவிட்ட உரிமையாளரே பெரும்பாலும் நீட்டிப்புக் கேட்கிறார். பணம் திரும்பாமல் குடியிருப்பவர் வீட்டை விட முடியாது. வீட்டை விட்டால் பணத்துக்குப் பிடிமானம் இல்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊரைவிட்டுத் தொழிலாளர் வெளியேறிய நாள்கள் போன்ற காலங்களில் இம்முடிச்சு மிகவும் இறுகும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு பெற வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டம் கூறினும், போக்கியத் தாள்களில் பல பதிவாவதில்லை. தவணை முடியும் நாளில் இருவரும் உட்கார்ந்து பேசுவர். பின்னர் அதே முத்திரைத்தாளின் பின்பக்கத்தில், முன்பக்க நிபந்தனைகள் அப்படியே இருக்க, மேலும் பதினொரு மாதம் என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிடுவர். சாட்சிக்குப் பெரும்பாலும் பக்கத்து அறைக்காரரே வருவார்.